சர்க்கரை இல்லாத காப்பி

7.4.1996, ஈஸ்டர் ஞாயிறு, இரவு.

இந்த வருஷம் விருந்தெல்லாம் வேண்டாம், ஆப்பமும் கோழிக்குழம்பும் போதும் என்று மகள் எஸ்தர் சொல்லிவிட்டாள். என் வீட்டுக்காரர் இறந்த பிறகு வரும் முதல் ஈஸ்டர். திருச்சி ரோட்டுக் கல்லறைத் தோட்டத்தில் நடக்கும் விடியற்கால ஆராதனைக்கு நான் போகவில்லை. அவள் மட்டும் போனாள்.

ஆராதனை முடிந்து வருகிறவர் கதவைத் தட்டி, "கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்" என்பார். உள்ளே இருப்பவர், "மெய்யாகவே எழுந்தார்" என்று சொல்லித் திறக்க வேண்டும். எங்கள் வீட்டு ஈஸ்டர் அவ்வளவுதான். தட்டுவது எப்போதும் அவர்.

இன்று தட்டும் சத்தம் கேட்டதும், "வாரேனுங்க" என்று காப்பித் தம்ளரோடு ஓடித் திறந்தேன்.

எஸ்தர் நின்றிருந்தாள். "நானுங்கம்மா" என்றாள். தம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தவள் என் முகத்தைப் பார்த்தாள். சர்க்கரை வியாதிக்காரரான அவருக்குப் போடும் காப்பி அது. மீதியையும் குடித்து முடித்தாள்.

படுக்கும்போதுதான் கேட்டாள். "அப்பான்னு நெனச்சுப்போட்டீங்களாம்மா?"

"தூக்கக் கலக்கம் கண்ணு" என்றேன்.

அது பொய். சத்தம் கேட்டு நான் காப்பி கலக்கவில்லை. அவள் தட்டுவதற்கு முன்பே கலந்து, ஆறிவிடாமல் மூடி வைத்திருந்தேன்.