நான் சொன்ன ‘பரவாயில்லை’

இன்று காலை அடுப்பில் சீரகக் கஷாயம் கொதித்தபோது உன் நினைவு வந்தது. உழவர்கரையிலிருந்து ஒரு பெண், லேசாக வலிக்கிறது என்று போன் செய்திருந்தாள். பொய் வலியானால் கஷாயத்தில் அடங்கிவிடும். உனக்கு அடங்கவில்லை. என் சமையலறையில் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, மேடையைப் பிடித்துக்கொண்டு, “நெஜ வலிதான்க்கா” என்று சிரித்தாய்.

முதன்முதலில் சேதராப்பட்டுக் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து, சீருடையோடு வந்தாய். பிரசவம் பார்ப்பவள் இல்லை நான், வலி நேரத்தில் கூடவே இருப்பவள், டூலா என்பார்கள் என்றேன். “தூளி மாதிரி இருக்குதே பேரு” என்றாய். அம்மா இல்லாத பெண் நீ. என் பேச்சையெல்லாம் வேதவாக்காக எடுத்துக்கொண்டாய். ஊசி இல்லாமல், கத்தி இல்லாமல் பெற வேண்டும் என்பதும் நான் சொன்னதுதான். பிறகு அதை உன் ஆசை என்று நானே நம்பிவிட்டேன்.

நர்சிங் ஹோமில் மதியம் வரை நன்றாகத்தான் போனது. நீ நடந்தாய், நான் இடுப்பை அமுக்கிவிட்டேன். ஒரு மணிக்கு என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

“முடியலக்கா. முதுவுல போடுவாங்களே, அந்த ஊசி போட்டுக்கறேன். டாக்டர்கிட்ட சொல்லுங்க.”

“இன்னும் கொஞ்ச நேரந்தான்டி. இவ்ளோ தூரம் வந்துட்டு விட்டுடுவியா?”

நீ என்னைப் பார்த்தாய். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. நர்ஸ் வந்து விசாரித்தபோதும் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று தலையாட்டினாய். ஐந்து மணிக்குக் குழந்தையின் துடிப்பு குறைந்தது. ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை. ஊசி போட்டிருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும் என்றார் டாக்டர். அப்படியானால் அந்த நாலு மணி நேர வலி யாருக்காக?

மூன்றாம் நாள் பார்க்க வந்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாய்.

“உங்க பேரக் கெடுத்துட்டேன்லக்கா.”

நான் உன் தலையைத் தடவி, “பரவால்லம்மா” என்றேன்.

தப்புச் செய்தவளை மன்னிக்கிற மாதிரி. மற்ற பெண்கள் கேட்டால் ஆபரேஷன் என்று சொல்ல வேண்டுமே என்ற சங்கடம்தான் அப்போது என் மனதில் இருந்தது.

இரண்டு வருடம் கழித்து நோணாங்குப்பத்தில் படகுக்கு நின்ற வரிசையில் உன்னைப் பார்த்தேன். மகள் இடுப்பில் இருந்தாள். தப்பு என்னுடையதுதான் என்று சொல்லிவிடலாம் என வாயெடுத்தேன். “பாப்பா தண்ணியப் பாத்தா பயப்படறாக்கா” என்றாய். படகு வந்தது. உன் வீட்டுக்கு வந்து நிதானமாகப் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அந்த மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தவள் நீ எழுந்திருக்கவே இல்லை.

துக்கத்துக்கு வந்தபோது உன் கணவர், “அக்கா அவ்ளோ சொல்லிக் குடுத்தும் என்னால முடியாம போச்சேன்னு அடிக்கடி சொல்லுவா” என்றார். அவரிடமும் நான் வாய் திறக்கவில்லை.

இன்றைக்கு அந்த உழவர்கரைப் பெண்ணுக்கும் கஷாயத்தில் அடங்கவில்லை; நர்சிங் ஹோமில் பதினோரு மணிக்கே ஊசி கேட்டாள். உடனே நர்ஸைக் கூப்பிட்டேன். “கோவமாக்கா?” என்றாள். “வலி உன்னுது. நீதான் சொல்லணும்” என்றேன். உனக்குச் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை.

உன் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். தான் பிறந்த கதையை ஒருநாள் கேட்பாள். அம்மாவால் முடியாமல் போயிற்று என்றுதான் அந்த வீட்டில் கதை இருக்கிறது. “அது பொய், உன் அம்மா உதவி கேட்டாள், நான்தான் தடுத்தேன்” என்று அவளிடம் சொல்ல மிச்சமிருப்பவள் நான் ஒருத்திதான். அவளுக்குப் புரிகிற வயது வரட்டும் என்று நாள் தள்ளிக்கொண்டிருக்கிறேன். உன்னிடமும் அப்படித்தான் தள்ளினேன்.