வேலிக்கு இந்தப் பக்கம்

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

போன் செய்தேன், எடுக்கவில்லை. நேரில் வந்து கதவைத் தட்டினேன். உள்ளே ரேடியோ சத்தம்தான் கூடியது. அதனால் கழிவு அகற்றும் வேலைக்காகப் போட்ட எங்கள் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து, வேலிக்கு அந்தப் பக்கம் கண்ணெதிரே தெரியும் உன் வீட்டுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள்.

விஷயம் இதுதான். பழைய பேட்டரியை உருக்கிய அந்த ஆலை, கழிவைக் குட்டையில் மட்டும் கொட்டவில்லை. மண்ணில் துளை போட்டுப் பார்த்ததில், உன் சமையலறைக்கு அடியிலும் கிணற்றைச் சுற்றியும் அதே கறுப்புச் சேறு இருக்கிறது. ஈயம், அக்கா. மொத்தத்தையும் தோண்டி எடுக்க வேண்டும். வீட்டை இடிக்காமல் முடியாது. மாற்று வீடு தயாராக இருக்கிறது. அங்கே போ, ரத்தப் பரிசோதனையும் செய்துகொள். இந்த இரண்டைத்தான் கேட்கிறேன்.

உன் தங்கை

ஜூன் 5

மேன்மைதங்கிய என்ஜினீயர் அம்மாவுக்கு,

விடிந்ததிலிருந்து உங்கள் பொக்லைன் பின்னால் வரும்போதெல்லாம் பீப் பீப் என்று என் காதுக்குள்ளேயே வருகிறது. துணி காயப்போட முடியவில்லை, புழுதி. வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு முகமே தெரியாத நாலு பேர் வந்து கிணற்றுக்கு மூடி போட்டுப் பூட்டிவிட்டார்கள். கேட்டால், "மேடம் சொன்னாங்க" என்கிறார்கள். யார் அந்த மேடம்? என் வீட்டில் தங்கி, என் கையால் சாப்பிட்டுப் படித்து ஆளானவள்!

உன் அத்தான் செங்கல் செங்கலாகப் பார்த்துக் கட்டிய வீடு இது. அவர் போன பிறகும் நான் இங்கேதான் இருக்கிறேன், நன்றாகத்தான் இருக்கிறேன். எனக்கு ஒரு நோயும் இல்லை. உன் சேற்றை நீயே கட்டிக்கொண்டு அழு.

அக்கா

ஜூன் 9

அக்கா,

கிணற்றுப் பூட்டை உடைத்திருக்கிறாய்! வாட்ச்மேன் அண்ணன் பார்த்துவிட்டுக் கேட்டதற்கு, "செடிக்குத்தான் ஊத்துறேன், உங்க மேடத்துக்கா ஊத்துறேன்?" என்றாயாம். தலையில் அடித்துக்கொள்வதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

இங்கே என் பாடு என்னவென்று தெரியுமா? நேற்றைய மழையில் குட்டை கரைமட்டம் வரை வந்துவிட்டது. இறைக்க இறைக்க ஊறுகிறது. வெளியே போகும் ஒவ்வொரு லாரியின் சக்கரத்தையும் கழுவி அனுப்ப வேண்டும். தரையில் விரிக்கக் கொண்டுவந்த பிளாஸ்டிக் விரிப்பு காற்றில் கிழிந்து கிடக்கிறது. மேலதிகாரி போனில் கத்துகிறார், "ஒரே ஒரு வீடு, அதுவும் உங்க சொந்த அக்கா வீடு, அதைக்கூடக் காலி பண்ண வைக்க முடியலையா?" என்று. நம் கடிதங்களைச் சுமக்கும் வாட்ச்மேன் அண்ணனோ, "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என் செருப்புதாம்மா தேயுது" என்கிறார்.

இந்தப் பிடிவாதம் ஏன்? காரணத்தையாவது சொல்.

தங்கை

ஜூன் 10

காரணம் கேட்டாய் அல்லவா, கேட்டுக்கொள்.

அந்தத் தண்ணீர் விஷம் என்றால், அதை என் மகனுக்கு மொண்டு கொடுத்தது யார்? "குழாய்த் தண்ணி குடிக்காதடா, சளி பிடிக்கும், நம்ம கிணத்துத் தண்ணியக் குடி" என்று அவனை அதட்டியது யார்? நான் வீட்டைவிட்டு இறங்கினால் அதை நானே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். அவன் வெளியூரில் கடை வைத்து நிம்மதியாக இருக்கிறான். அவனைக் கூப்பிட்டு என்ன சொல்லச் சொல்கிறாய்?

இனி எனக்கு எழுதாதே.

ஜூன் 11

அக்கா,

எழுதாதே என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்தக் கிணற்றுத் தண்ணீரை நானும்தான் குடித்தேன். கல்லூரி முடிக்கும்வரை உன் வீட்டில்தானே இருந்தேன்? இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் ரத்தம் கொடுத்துப் பார்த்தார்கள். என் ரத்தத்தில் ஈயம் இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகம். எலும்பில் தங்கி, வருஷக்கணக்கில் மெல்ல வெளியே வருமாம். பயப்பட வேண்டாம், அவ்வப்போது பார்த்துக்கொண்டால் போதும் என்றார் டாக்டர். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

உன்னிடம் சொன்னால் உடைந்துபோவாய் என்றுதான் மறைத்தேன். நீ மொண்டு கொடுத்தது தண்ணீர், அக்கா. அதில் ஈயத்தைக் கலந்தவர்கள் ஆலையை மூடிவிட்டு ஊரைவிட்டே போய்விட்டார்கள். அவர்கள் யாருக்கும் தூக்கம் கெட்டதாகத் தெரியவில்லை. நீ ஏன் கெடுத்துக்கொள்கிறாய்?

தங்கை

ஜூன் 12

அடி பாவி,

ரத்தத்தில் ஈயத்தை வைத்துக்கொண்டு, பொக்லைன், லாரிச் சக்கரம், கிழிந்த விரிப்பு என்று கதை அளந்துகொண்டிருந்தாயா? இதை முதல் கடிதத்திலேயே சொல்வதற்கு என்ன கேடு? வீட்டில் சேறு, கிணற்றில் சேறு என்று எழுதத் தெரிந்தவளுக்கு, எனக்கு இப்படி இருக்கிறது அக்கா என்று ஒரு வரி எழுத வரவில்லை. படித்தாளாம் படிப்பு!

காலையிலேயே பாத்திரங்களைக் கட்டிவிட்டேன். மற்றதைக் கட்ட ஆள் அனுப்பு. முகமூடி போட்டவர்கள் வேண்டாம், பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்கிறவர்களாக அனுப்பு. அத்தானின் படத்தை மட்டும் நானே எடுத்துக்கொள்கிறேன்.

மகனிடம் பேசிவிட்டேன். கிணற்றுத் தண்ணீர் விஷயம் முழுவதையும் சொன்னேன். அவன், "நீ டெஸ்ட் எடுத்தியாம்மா?" என்றான். அவ்வளவுதான் கேட்டான். ஞாயிற்றுக்கிழமை வருகிறான். மறுநாள் மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். லீவு கிடைக்காது, குட்டை ஊறுகிறது என்று ஏதாவது சொன்னாயோ, உன் மேலதிகாரியிடம் நானே வந்து பேசுவேன்.

வீட்டை என்றைக்கு வேண்டுமானாலும் இடித்துக்கொள். அந்தக் கோபம் நேற்றோடு போய்விட்டது. யாரிடமும் சொல்லாமல் தனியாகப் போய் ஊசி குத்திக்கொண்டு வந்தாயே, அந்தக் கோபம் மட்டும் ஆற மாட்டேன் என்கிறது.

கதவு திறந்துதான் இருக்கிறது. அந்த வாட்ச்மேனை இனியும் கடிதத்தோடு நடக்க விடாமல், நீயே வா.

அக்கா