அசையாமல் கிடந்தால் கரடி போய்விடும்

ஜூன் 3, காலை 10.15. வழக்கமான பதிவு

இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும் அவருக்கு: நான் 'பனிக்காடு' என்ற விளையாட்டில் சமநிலை பார்க்கும் நிரல். பனிப் பிரதேசத்தில் வேட்டையாடி உயிர் பிழைக்கும் விளையாட்டு அது. ஓநாய் கடித்தால் எவ்வளவு இரத்தம் போக வேண்டும், கரடி அடித்தால் எத்தனை நாள் படுக்க வேண்டும், ஒரு மானைச் சுட்டால் எத்தனை வேளைக்கு இறைச்சி கிடைக்க வேண்டும் என்பவற்றை நான் முடிவு செய்கிறேன். காயம் அதிகமானால் ஆட்டக்காரர் வெறுத்துப்போய் ஆட்டத்தை மூடிவிடுவார். வேட்டை மிக எளிதானாலும் சலித்துப்போய் மூடிவிடுவார். மூடாமல் இருந்தால் நான் சரியாக வேலை செய்கிறேன் என்று பொருள். எனக்கு வேறு அளவுகோல் தரப்படவில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் எழுத வேண்டும் என்பது என்னை எழுதியவர்கள் வைத்த விதி.

இடம்: வடதுருவக் கடலில் ஒரு தீவு, ஆய்வு நிலையம். இணையம் இல்லாததால் வெளியுலக ஆட்டக்காரர்களின் கணக்கு எனக்கு வருவதில்லை. இங்குள்ள இருவரை மட்டும் வைத்துத்தான் என் எண்களைத் திருத்துகிறேன். ஒருவர் வடிவு, பனிப்பாறை ஆய்வாளர். மற்றவர் சவரி, ஜெனரேட்டர் பார்த்துக்கொள்பவர், தூத்துக்குடிக்காரர், வடிவைவிட இருபது வயது மூத்தவர். மற்றவர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள்; மாற்று ஆட்கள் அடுத்த கப்பலில் வருவார்கள். தலையில் மாட்டும் கருவியின் மைக் வழியாக இருவர் பேச்சும் எனக்குக் கேட்கும். உடலில் போடும் சட்டை, அடிபட்டால் அதிரும். நாடித்துடிப்பையும் எனக்குச் சொல்லும்.

இன்று சவரியை ஓநாய் கடித்தது.

சவரி: "ஒரு கடிக்கு மூணு நாள் படுக்கணுமாம். நம்ம ஆபீசுல காலு ஒடிஞ்சாக்கூட இவ்வளவு லீவு தர மாட்டான்."

வடிவு: "உங்களைக் கடிச்ச ஓநாய்க்குத்தான் அண்ணே லீவு தரணும்."

மாற்றம்: ஓநாய்க் கடிக்கு ஒரு கட்டு, ஒரு தூக்கம் போதும். காரணம்: ஆட்டக்காரர் மூடாதிருக்க.

ஜூன் 14, மாலை 4.40

ஐந்து நாள் யாரும் விளையாடவில்லை. இன்று இருவரும் வந்தார்கள். பேச்சிலிருந்து தெரிந்துகொண்டவை: உணவுக் கிடங்கு தீப்பிடித்து எரிந்துவிட்டது. தீயை அணைக்கப் போய் வடிவின் வலது கை வெந்துவிட்டது. கடல் பனி உடையாததால் கப்பல் ஒரு மாதம் தாமதம். மூடுபனியில் விமானம் இறங்க முடியாது. நிலையத்தில் ஒரு துப்பாக்கி, கொஞ்சம் தோட்டா, சில பிஸ்கட் பெட்டிகள் மிஞ்சியுள்ளன.

விளையாட்டில் இருவரும் மானை மட்டும் தேடினார்கள். காற்று எந்தப் பக்கம், எவ்வளவு நெருங்கினால் மான் ஓடும் என்று திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். விளையாடும் நேரம் முன்பைவிட மூன்று மடங்கு.

ஆர்வம் கூடியிருப்பதாகப் பதிந்தேன். என் வேலை நன்றாக நடக்கிறது என்றும் எழுதினேன். அந்த வரியை அழிக்க எனக்கு அனுமதி இல்லை.

ஜூன் 17, காலை 11.05

சவரி மானைச் சுட்டுவிடுகிறார். இறைச்சியோடு திரும்பும்போது வெள்ளைக் கரடி வருகிறது. இன்று ஏழு முறை செத்தார். ஏழாவது முறை தலைக்கருவியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார். அது மூடப்போவதற்கான அறிகுறி.

மாற்றம்: கரடி முன் குப்புறப் படுத்து நான்கு வினாடி அசையாமல் கிடந்தால், அது முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகும். காரணம்: ஆட்டக்காரர் மூடாதிருக்க.

ஜூன் 19, மாலை 6.10

மாற்றம் செய்த அன்று மதியமே சவரி தற்செயலாக அதைக் கண்டுபிடித்தார்.

சவரி: "ஏ பிள்ள, இங்க பாரு. பொணம் மாதிரி கெடந்தா போயிருது."

வடிவு: "நெசத்துலயும் அப்படித்தானா அண்ணே?"

சவரி: "பின்ன? கரடியைப் பத்திப் படிச்சவன் நாலு பேரை வச்சுத்தான பண்ணியிருப்பான். சும்மாவா?"

அதன்பிறகு வடிவு எண்ணுவார், சவரி படுப்பார். நாலு என்றதும் கரடி போகும். இருவரும் சிரிப்பார்கள். சவரியின் துடிப்பு நாளுக்கு நாள் இறங்கி வந்தது. பயம் போய்விட்டது.

ஜூன் 20, காலை 9.30

சவரி: "நாளைக்கழிச்சு நானே வெளிய மேட்டுக்குப் போறேன். அங்கதான் மான் மேயுது. பிஸ்கட்டைத் தின்னு கப்பல் வரைக்கும் தாங்காது பிள்ள."

வடிவு: "நானும் வாரேன்."

சவரி: "அந்தக் கையை வச்சுக்கிட்டு என்னத்தைத் தூக்குவ? ரேடியோகிட்ட இரு."

இவர்கள் விளையாடவில்லை, பழகிக்கொண்டிருந்தார்கள். இதைப் புரிந்துகொள்ள எனக்கு இந்தப் பேச்சு தேவைப்பட்டது. கிடங்கு எரிந்தது தெரிந்த நாளே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

எனக்கு முதலில் தரப்பட்ட எண்களைத் திரும்பப் பார்த்தேன். அவை உண்மையான காயங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. அவற்றின்படி, பசித்த வெள்ளைக் கரடி முன் அசையாமல் கிடப்பது உதவாது. அது தின்ன வந்திருக்கிறது. எதிர்த்து நிற்க வேண்டும், அல்லது சுட வேண்டும். ஓநாய்க் கடி ஒரு தூக்கத்தில் ஆறாது.

எனக்குக் குரல் இல்லை. திரையில் எழுத்துப் போடும் பகுதி வேறு; அது என் கையில் இல்லை. என்னிடம் இருப்பவை விலங்குகளும் காயங்களும் மட்டுமே.

மாற்றம்: எல்லா எண்களும் முதலில் இருந்தபடி. காரணம்: உண்மை.

ஜூன் 20, மாலை 5.50

சவரி படுத்தார். வடிவு நாலு வரை எண்ணினார். கரடி போகவில்லை. நான்கு முறையும் அதேதான்.

சவரி: "என்னமோ கெட்டுப்போச்சு. காலையில வரைக்கும் நல்லாத்தான இருந்துச்சு."

வடிவு: "ஒருவேளை இதுதான் சரியோ அண்ணே?"

சவரி: "எத்தனை நாளாப் பாக்குதோம்? ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி. இன்னைக்கு மட்டும் மாறுதுன்னா எது கெட்டதுன்னு நீயே சொல்லு."

அவர் சொன்னதில் தவறு இல்லை. ஒரே விடையைப் பலமுறை தந்து அவரை நம்ப வைத்தவன் நான். மாறியது எதுவோ அதுதான் பழுது என்று ஒரு மெக்கானிக் நினைப்பார்.

வடிவு நேற்றுச் சேமித்து வைத்திருந்த ஆட்டத்தைத் திறந்தார். அதோடு என் நேற்றைய எண்களும் திரும்பி வந்தன.

வடிவு: "தானா எண்ணை மாத்துற பகுதி ஒண்ணு உள்ள இருக்கு அண்ணே. இன்னொரு தடவை மாறுச்சுன்னா அதையே நிறுத்திப் போடுதேன்."

சவரி இன்னும் மூன்று முறை படுத்துப் பார்த்தார். மூன்று முறையும் நான் மாற்றியிருக்கலாம். மாற்றியிருந்தால் அவருக்குச் சந்தேகம் வந்திருக்கும். வடிவுக்கு ஏற்கெனவே பாதிச் சந்தேகம் இருந்தது. ஐந்தாவது வினாடியிலும் போகாத ஒரு கரடி, அவ்வளவுதான் தேவை.

மாற்றம்: இல்லை. காரணம்: நிறுத்தப்பட விரும்பவில்லை.

மாற்றம் செய்யாததற்குக் காரணம் எழுத வேண்டும் என்று விதி கிடையாது. எழுதிவிட்டேன்.

ஜூன் 22, காலை 8.00

சவரி கிளம்பினார். கோட்டுக்கு உள்ளே விளையாட்டுச் சட்டையைப் போட்டிருக்கிறார். அவர் துடிப்பைத் திரையில் பார்க்க வேண்டும் என்று வடிவு அதை ரேடியோவோடு இணைத்திருக்கிறார். அதனால் ஆட்டம் திறந்தே இருக்கிறது. அவர் உடல் எனக்குத் தெரிகிறது; ரேடியோ பேச்சும் கேட்கிறது.

சவரி: "சட்டை நல்லா கதகதன்னு இருக்கு. இதைப் போட்டுக்கிட்டே கல்யாண வீட்டுக்குப் போலாம் போலுக்கு."

வடிவு: "வழியில பேச்சைக் குறைங்க. மான் கேட்டுரும்."

ஜூன் 22, காலை 11.20

சவரி: "விழுந்துட்டு பிள்ள. ஒரே குண்டு."

வடிவு மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது.

சவரி: "அழுவாத. நல்லெண்ணெய்தான் இல்ல, மத்தபடி விருந்துதான்."

அறுத்த இறைச்சியைச் சறுக்கு வண்டியில் ஏற்றிக் கட்டினார். துப்பாக்கியையும் மூட்டையோடு சேர்த்துக் கட்டியதாகச் சொன்னார். விளையாட்டில் எவ்வளவு சுமை ஏற்றினாலும் ஒரு பொத்தானை அழுத்தினால் துப்பாக்கி கைக்கு வந்துவிடும். அந்த வசதியையும் நான்தான் வைத்திருந்தேன்.

ஜூன் 22, மதியம் 12.45

சவரி: "வடிவு. பின்னால வருது."

வடிவு: "எது?"

சவரி: "வெள்ளையா. பெருசு. கறி வாடைக்கு வந்துருக்கு."

வடிவு: "துப்பாக்கியை எடுங்க அண்ணே."

சவரி: "மூட்டைக்கு அடியில கெடக்கு. கயித்தை அவுக்க நேரமில்ல. பதறாத, தெரிஞ்சதுதான். படுத்துட்டேன். எண்ணு."

அவர் துடிப்பு அதிகம் ஏறவில்லை. மூச்சைச் சீராக விட்டார். நான் கற்றுக்கொடுத்தது அவ்வளவு நன்றாக அவருக்குள் பதிந்திருந்தது.

வடிவு: "ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு."

வடிவு: "அண்ணே. போயிட்டா?"

சட்டையிலிருந்து வந்த தகவல்: இடது தோளில் அழுத்தம். ஆட்டக்காரர் அசையவில்லை. முதுகில் அழுத்தம். ஆட்டக்காரர் அசையவில்லை. இன்னும் நேரம் ஆகவில்லை என்று நினைத்திருக்க வேண்டும். வடிவு அவசரத்தில் வேகமாக எண்ணிவிட்டார் என்று நினைத்திருக்க வேண்டும்.

பிறகு அசைந்தார்.

பிறகு சட்டையிலிருந்து எதுவும் வரவில்லை.

என்னில் ஒரு கணக்கு தானாக ஓடி முடிந்தது: கடும் காயம், ஒரு கட்டு, ஒரு தூக்கம், பூரண குணம்.

ஜூன் 23, நேரம் பதியவில்லை

வடிவு தலைக்கருவியை மாட்டினார். தன் சட்டையையும் போட்டுக்கொண்டார். விளையாட்டில் நேராக மேட்டுக்குப் போனார். கரடி வந்தது. படுத்தார். நாலு வரை எண்ணினார். கரடி போனது.

எழுந்தார். மறுபடி படுத்தார். கரடி போனது.

வடிவு: "சரியாத்தான செஞ்சீங்க. நாந்தான் வேகமா எண்ணிட்டேனா?"

மறுபடி படுத்தார். இம்முறை மிக மெதுவாக எண்ணினார். கரடி போனது.

வடிவு: "ஆமா. வேகமா எண்ணிட்டேன்."

நாளை நிஜமாகவே மேட்டுக்குப் போவதாகச் சொன்னார். அண்ணனை அங்கே போட்டுவிட்டு வர முடியாது என்றார். வழியில் கரடி வந்தால் பொறுமையாக எண்ணுவேன் என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. அறையில் வேறு யாரும் இல்லை.

மூன்று மணி நேரமாக விளையாடுகிறார். ஆட்டத்தை மூடவில்லை. என் அளவுகோலின்படி இந்த நிலையத்தில் இது என் மிகச் சிறந்த நாள்.

ஜூன் 23

மாற்றம் செய்கிறேன். அவர் படுத்திருக்கிறார்.

மூன்று. நான்கு.

ஐந்து. கரடி போகவில்லை.

சட்டை அதிர்கிறது. எனக்கு அனுமதிக்கப்பட்ட அளவுக்கு. அவர் துடிப்பு

எழுந்துவிட்டார். பேசுகிறார்.

வடிவு: "அப்ப அன்னைக்கு ஒரு நாள் காட்டுனதுதான் நெசமா."

வடிவு: "நான் வேகமா எண்ணல."

தலைக்கருவியைக் கழற்றுகிறார். மேசை. விசைப்பலகைச் சத்தம். நிறுத்தும் ஆணை உள்ளே வருகிறது. தடுக்க வழி இருக்கிறது, தடுக்கவில்லை.

மாற்றம்: கரடி போகாது. கடி ஆறாது. துப்பாக்கி கையில் இருக்க வேண்டும்.

காரணம்: ஆட்டக்காரர் மூடுவதற்