விட்டுப் படித்த வசனங்கள்

மார்ச் 3

என் அன்புத் தங்கச்சிக்கு,

கர்த்தர் உன்னையும் பிள்ளைகளையும் காக்கட்டும். இங்கே எல்லாரும் சுகம்னு எழுதினா அது பொய்.

உன் அத்தானுக்குப் பக்கவாதம் வந்து ஏழு மாசம் ஆச்சு. இன்னும் ஒரு வார்த்தை கிடையாது. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல நாளெல்லாம் போர்வை மடிச்சுட்டு வந்தா, வீட்டுலயும் அதே வேலை. காலையில அவர் பக்கத்துல உக்காந்து பைபிளைத் திறந்து ஒரு சங்கீதம் வாசிக்கறேன். அதுலயும் திருட்டுத்தனம்டி! நீளமா இருந்தா நடுவுல நாலு வசனத்தை விட்டுட்டு ஆமென் சொல்லிடறேன். கேக்கறதுக்கு யாரு? "உன் கடவுள் வந்து சோறு ஆக்குவாரா"ன்னு முப்பது வருஷம் கிண்டல் பண்ணின மனுஷன், சுவரைப் பார்த்துட்டுப் படுத்திருக்கார்.

ஞானஸ்நானம் எடுத்தப்போ இருந்த விசுவாசம்கூட இப்ப என்கிட்ட இல்லை. பல்லு தேய்க்கற மாதிரி, வெறும் பழக்கம்.

அலுத்துப்போன உன்
அக்கா

மார்ச் 11

என் செல்ல அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பார்த்து அழுதேன். அந்த நாலு வசனத்துல சிரிச்சும் தொலைச்சேன். நான் மட்டும் என்ன யோக்கியம்? ஜெபத்துக்கு முழங்கால் போட்டா தூக்கம்தான் வருது.

போதும்க்கா. எங்க சபை நடத்தற இல்லத்துல ஒரு படுக்கை காலியா இருக்கு, பேசிட்டேன். மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணும். அவரை அங்க சேர்த்துட்டு நீ இங்க வந்துடு. மாடி அறைக்கு வெள்ளையடிச்சு வெச்சிருக்கேன். அவர் உனக்கு என்ன செஞ்சு கிழிச்சார்னு நீ இப்படித் தேயறே?

உன்
தங்கச்சி

மார்ச் 18

தங்கச்சி,

சரின்னு எழுதத்தான் நேத்து காலையில காகிதம் எடுத்து வெச்சேன். எழுதறதுக்கு முன்னாடி, கடமைக்கு வாசிக்க உக்காந்தேன். வழக்கம்போல நடுவுல தாவி, ஆமென் சொல்லி மூடினேன். அவரோட இடது கை வந்து வேதத்து மேல விழுந்துச்சு. எடுக்கப் பார்த்தேன், விடலை. வாய் கோணி, எச்சில் வழிய, "மீ... மீதி"ன்னார்.

ஏழு மாசத்துல முதல் வார்த்தைடி. தண்ணி கேக்கலை, என்னைக் கூப்பிடலை. மீதி! போன மாசம் முழுசா வாசிச்ச சங்கீதம் அது. மனுஷன் ஞாபகம் வெச்சிருக்கார்.

வெக்கமாப் போச்சு. திரும்பத் திறந்து ஒண்ணு விடாம வாசிச்சேன். வேலைக்கு அரைமணி லேட். சூப்பர்வைசர் வறுத்து எடுத்துட்டா.

விசுவாசம் வளர்ந்துச்சான்னு கேக்காதே, முதுகு வலி அப்படியேதான் இருக்கு. இல்லத்துல அவரைக் குளிப்பாட்டுவாங்க, சோறு ஊட்டுவாங்க. யாரு வாசிப்பாங்க? அந்தப் படுக்கையை வேற யாருக்காவது கொடுக்கச் சொல்லு. கோவிச்சுக்காதே.

முடிஞ்சா ஒரு வாரம் இங்க வா. நீ வாசி, நான் அவர் பக்கத்துல சும்மா உக்காந்து கேக்கறேன். ஆனா எதையும் விட்டுடாதே, கண்டுபிடிச்சுடுவார்.

உன்
அக்கா