தொப்பிக்குள் முப்பத்திரண்டு பின்

புக்கிட் மேரா, சிங்கப்பூர்
புதன்கிழமை

அன்புள்ள கண்மணிக்கு,

உன் கணவன் கதிரேசன் எழுதுவது. நான் நலம். நீயும் நலம் என்று உன் அம்மா சொன்னார்கள். ‘நல்லாத்தான் இருக்கா மாப்பிள்ளை, ஆனா உங்ககிட்ட பேசமாட்டாளாம்’ என்றும் சொன்னார்கள். மூன்று நாளாக நீ போனை எடுக்காததால், ஊருக்கு வரும் நாகூர் கனியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். முழுவதும் படித்துவிட்டுத் திட்டு.

ஆறு வருடம் காத்திருந்து, ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோ காலில் அந்தச் செய்தியைச் சொன்னாய். கையோடு, குன்றக்குடி முருகனுக்கு நான் மொட்டை போடுவதாக நீ வேண்டிக்கொண்டதையும் சொன்னாய். நான் தொப்பியைப் பிடித்துக்கொண்டு பேயறைந்தவன் போல உட்கார்ந்திருந்தேன். உங்களுக்குச் சந்தோஷமே இல்லையா என்று கேட்டுப் போனை வைத்துவிட்டாய். சந்தோஷம் இல்லாமலா கண்மணி? அந்தத் தொப்பிக்குள் முப்பத்திரண்டு ஸ்டேப்ளர் பின் இருந்தது.

தொப்பி எதற்கு என்றதற்குச் சளி என்று உன்னிடம் சொன்னது பொய். ஷிப்யார்டில் லீவு போட்டு முடி நடும் ஆபரேஷன் செய்துகொண்டேன். பின்தலையில் ஒரு பட்டைத் தோலை வெட்டியெடுத்து, அதிலிருந்த முடியை முன்னால் நட்டு, வெட்டிய இடத்தைப் பின் அடித்து மூடினார்கள். இரண்டு மாதம் முன்பு வந்தபோது, உன் சித்தி மகள் கல்யாணப் பந்தியில் ஒருவர் என்னை உன் அப்பாவா என்று கேட்டாரே. நீ விழுந்து விழுந்து சிரித்தாய். எனக்கு அது மனதிலேயே கிடந்தது. அடுத்த முறை தலை நிறைய முடியோடு வந்து இறங்கி உன்னை அசத்த நினைத்தேன். நீ அதற்குள் முருகனிடம் பேசி முடித்துவிட்டாய்.

இன்று அந்தப் பின்களை எடுத்தார்கள். எடுத்தவர் நூருன்னிசா என்ற நர்ஸ், பேச்சுக்குப் பேச்சு ‘லா’ போடும் இந்த ஊர்த் தமிழ்ப் பெண். குனிந்து உட்காரவைத்து ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தட்டில் போட்டார். எறும்பு கடித்த அளவு வலிதான். பத்தாவது பின்னில், மொட்டை எப்போது போடலாம் என்று கேட்டேன். அவர் கை அப்படியே நின்றுவிட்டது. ‘அண்ணே, இப்பதானே நட்டிருக்கு, என்ன லா கேக்குறீங்க’ என்றார். விஷயத்தைச் சொன்னதும் அவர் சிரித்த சிரிப்பில், மிச்சப் பின்களை டாக்டரே வந்து எடுக்க வேண்டியதாயிற்று. நட்ட முடி முதலில் கொட்டுமாம், நாலு மாதத்தில் முளைக்குமாம், ஒரு வருடத்தில் நிறையுமாம். அதன்பின் மழித்தாலும் வேர் போகாது, மறுபடி வளரும் என்றார் டாக்டர்.

பஸ்ஸில் வரும்போது விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். அப்போது நம் பிள்ளைக்கு ஐந்து மாதம். அதற்கும் முதல் முடி, எனக்கும் புது முடி. இருவரும் ஒரே நாளில், உன் முன்னால் உட்கார்ந்து இறக்கிவிடுகிறோம். மொட்டை போட்டால் இந்தக் காதிலிருந்து அந்தக் காதுவரை தழும்பு தெரியும், என் குட்டு ஊருக்கே வெளிப்பட்டுவிடும். படட்டும். பந்தியில் கேட்ட அந்த மனிதரையும் அழைத்துவிடு. ஆமாம், நான் அப்பாதான் என்று அவரிடம் சொல்ல வேண்டும்.

முருகனிடம் அதுவரை அவகாசம் கேட்டு வை. வாந்தி வந்தாலும் கொஞ்சமாவது சாப்பிடு. வெள்ளிக்கிழமை மாலை தொப்பி இல்லாமல் கேமராவைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். போனை எடு கண்மணி. ஞாயிற்றுக்கிழமை நீ பார்த்திருக்க வேண்டிய முகம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

பொய் சொன்ன உன்
கதிரேசன்