உலக்கை விழுந்த நேரம்

கணபதி, கோயமுத்தூர்
11.3.2024

அன்புள்ள மோகனாவுக்கு,

தெய்வாத்தாள் அண்ணி எழுதுவது. நேற்று உன் வீட்டுக்காரன் சுரேந்தர் வீடியோவில் வந்தான். என் தம்பியின் வாய் அசைவது தெரிகிறது, சத்தம் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. முப்பது வருடம் பம்ப் கம்பெனியில் லேத்துகளுக்கு நடுவே நின்றதற்குக் காது கேட்டால்தான் அதிசயம். நீங்கள் வாங்கிக் கொடுத்த மிஷினை வைத்தால் மண்டைக்குள் கிரைண்டர் ஓடுகிறது. கழற்றி டப்பாவில் போட்டுவிட்டேன். அதனால் பழையபடி கடிதம்தான். மாடியில் குடியிருக்கும் நிலோஃபர் இதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பிவிடுவாள். நீயும் தாளில் எழுதியே அனுப்பு அம்மணி. டைப் அடித்து வந்தால் கரண்ட் பில் படிப்பது போலிருக்கிறது.

நாலாம் மாதம் நடக்கிறது என்று சுரேந்தர் எழுதியிருந்தான். படித்துவிட்டு நேராக விநாயகர் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தேன். கிருபாவுக்கு ஒரு துணை வரப்போகிறது. அவன் உதட்டுத் தழும்பு மங்கிவிட்டதா? போட்டோவில் வெளிச்சம் சரியில்லை.

முக்கியமான விஷயம் ஒன்று. ஏப்ரல் எட்டாம் தேதி உங்கள் ஊரில் முழுச் சூரிய கிரகணமாம். பட்டப்பகலில் இருட்டிவிடும் என்று டிவியில் போட்டான். அன்றைக்கு நீ வாசல் பக்கமே போகக்கூடாது. ஜன்னலுக்குக் கனமான போர்வை போடு. கத்தி, கத்தரிக்கோல் தொடாதே. போன தடவை மாதிரி அவசரப்பட வேண்டாம் கண்ணு. ஒருமுறை பட்டது போதும்.

வெயில் இப்போதே நெருப்பாகக் கொட்டுகிறது. நல்ல தண்ணீர் பத்து நாளைக்கு ஒருமுறைதான். மற்றபடி குறையில்லை.

உன் அண்ணி
தெய்வாத்தாள்

*

இர்விங், டாலஸ்
19.3.2024

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நான்கு முறை படித்தேன். இரண்டு பத்தி வரைக்கும் சந்தோஷமாக இருந்தது.

"போன தடவை மாதிரி" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வார்த்தையை நாலு வருடமாகக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. பெருந்துறைச் சொந்தத்தில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் யாராவது கிருபாவின் உதட்டைப் பார்ப்பார்கள், அப்புறம் என்னைப் பார்ப்பார்கள். "கிரகணத்துல வெளிய வந்துட்டாளாமா" என்று பக்கத்து நாற்காலிக்குச் சொல்வார்கள். நான் இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவேன்.

இன்றைக்குக் கேட்டுவிடுகிறேன். 2019 டிசம்பர் 26. எனக்கு ஏழாம் மாதம். காலை எட்டு மணிக்கு நீங்கள் என்னை உள்ளறையில் வைத்து வெளியே தாழ் போட்டீர்கள். கூடத்தில் பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி உலக்கையை நிறுத்தினீர்கள். அது தானாக விழுந்தால்தான் கிரகணம் விட்டதாக அர்த்தம் என்றீர்கள். நான் சண்டை போடவில்லை. பாத்ரூம் போகக்கூடக் கேட்கவில்லை. பத்து மணி இருக்கும், கதவைத் திறந்தது யார் அண்ணி? "உலக்கை உழுந்துபோச்சு அம்மணி, முடிஞ்சுது, பொறவடைப் பக்கம் போயித் தலைக்குத் தண்ணி ஊத்திக்க வா" என்று கையைப் பிடித்துக் கூட்டிப் போனது யார்? பின்வாசல் வெயில் ஒரு மாதிரி மங்கலாக இருந்தது. பதினொன்றே காலுக்குத்தான் கிரகணம் விட்டது என்று மத்தியானம் டிவியில் சொன்னார்கள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், நான் உங்களைப் பார்த்தேன். அதோடு சரி.

உதடு பிளப்பதற்கும் சூரியனுக்கும் சம்பந்தமே இல்லை என்று எனக்குத் தெரியும். உங்கள் தம்பிக்கும் தெரியும், அவர் இன்ஜினியர். ஆனால் அவர் போன வாரம் கடைக்குப் போய் வெளிச்சமே புகாத கறுப்புத் திரை வாங்கி வந்திருக்கிறார். "எதுக்குங்க?" என்றேன். "அக்கா சொன்னா ஏதாச்சும் இருக்கும். இந்தத் தடவையாவது கேளு மோகனா" என்றார். இந்தத் தடவையாவது! நானாக வெளியே வந்தேன் என்றுதான் அவர் இன்னும் நம்புகிறார்.

இங்கே டாக்டர் ஒரு படிவம் கொடுத்திருக்கிறார். இரண்டு பக்கத்துக் குடும்பத்திலும் யாருக்காவது இப்படி உண்டா என்று எழுத வேண்டும். உங்கள் தம்பி உங்கள் பக்கத்துக்கு "இல்லை" என்று எழுதிவிட்டார். என் பக்கம் எழுதும்போது பேனாவை என்னிடம் கொடுத்தார். நானும் அம்மாவிடம் கேட்டு "இல்லை" என்று எழுதினேன். அப்போது யார்தான் காரணம் என்று அவர் முகத்தில் ஒரு கேள்வி நின்றது.

எட்டாம் தேதி நான் வெளியே போய் நிற்கப் போகிறேன். அதற்குள் நீங்கள் அவருக்கு ஒரு வரி எழுதுங்கள். "கதவை நான்தான் திறந்தேன்" என்று. வேறு ஒன்றும் வேண்டாம்.

மோகனப்பிரியா

*

கணபதி
30.3.2024

அன்புள்ள மோகனாவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. நிலோஃபருக்குப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை டியூட்டி. அதுவும் பொய்தான். எழுதி எழுதிக் கிழித்தேன்.

நான்தான் திறந்தேன். கிரகணம் முடியட்டும் என்று மூடிக் கிடந்த அங்கப்பன் பட்டறையில், ஏதோ அவசர ஆர்டர் என்று பத்து மணிக்கே பவர் பிரஸ்ஸைப் போட்டுவிட்டார்கள். நம் வீட்டுச் சுவரும் அந்தச் சுவரும் ஒன்றுதானே. அந்த அதிர்வில் உலக்கை சாய்ந்துவிட்டது. எனக்குச் சத்தம் கேட்கவில்லை, உலக்கை கிடந்தது மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது. நீ அடைபட்டுக் கிடக்கிறாயே என்ற பரிதாபத்தில் ஓடிவந்து திறந்தேன். சாயங்காலம் அங்கப்பன் வந்து பேசும்போதுதான் விஷயமே புரிந்தது.

குழந்தை பிறந்ததும் எல்லோரும் ஏன் ஏன் என்று பிய்த்தெடுத்தார்கள். நீயாக வெளியே வந்துவிட்டாய் என்று என் வாயில் வந்துவிட்டது. வந்த வார்த்தையை எப்படித் திருப்பி வாங்குவது?

சுரேந்தரிடம் மட்டும் சொல்லச் சொல்லாதே கண்ணு. அம்மா போனபோது அவனுக்கு ஆறு வயது. நான் கல்யாணம், காட்சி எதுவும் பார்க்காமல் அவனை வளர்த்தேன். அக்கா பொய் சொல்லமாட்டாள் என்று அவன் இருக்கிறான். எனக்கென்று மிச்சமிருப்பது அது ஒன்றுதான். நீ பெரிய மனசு உள்ளவள். அன்றைக்கு வெளியேயும் போகாதே.

உன் அண்ணி

*

இர்விங்
9.4.2024

அன்புள்ள அண்ணிக்கு,

நேற்று கிரகணம் பார்த்தேன். எப்படி இருந்தது என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள், இருந்தாலும் எழுதுகிறேன்.

ஒரு மாதமாக ஊரே அதைப் பற்றித்தான் பேசியது. வாழ்க்கையே மாறிவிடும், அழுதுவிடுவீர்கள் என்றெல்லாம் ஆபீசில் சொன்னார்கள். எங்கள் அபார்ட்மெண்ட் கார் நிறுத்துமிடத்தில் நாற்காலி போட்டு ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். நானும் கிருபாவும் அட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தோம். காலையிலிருந்து மேகம். எனக்குக் கால் வீங்கியிருந்தது, பசி வேறு. உங்கள் தம்பி கறுப்புத் திரைக்குப் பின்னால் வீட்டுக்குள் இருந்தார். முந்தின நாள் சண்டை போட்டு, இருவருக்கும் பேச்சு தீர்ந்திருந்தது.

ஒன்றரை மணிவாக்கில் மேகம் விலகியது. வெயில் வற்றிக்கொண்டே வந்து திடீரென்று அணைந்துவிட்டது. தெருவிளக்குகள் எரிந்தன. குளிர்காற்று அடித்தது. சூரியன் இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு வட்டம், சுற்றிலும் வெள்ளையாக மயிர் போல ஒளி. எல்லோரும் கத்தினார்கள். அந்த மூன்று நிமிடத்தில் எனக்கு என்னவோ விட்டுப்போகும் என்று நினைத்திருந்தேன். நெஞ்சில் இருப்பதெல்லாம் இறங்கிவிடும், இதைப் போயா இத்தனை நாள் பழியாகச் சுமந்தோம் என்று சிரித்துவிடுவேன் என்று.

அப்போது பின்னாலிருந்து யாரோ என் மேல் போர்வையைப் போட்டார்கள். உங்கள் தம்பி! படியிறங்கி ஓடி வந்திருக்கிறார், காலில் செருப்புகூட இல்லை. என் வயிற்றைச் சுற்றிப் போர்வையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, சூரியனுக்கு முதுகைக் காட்டி என் முன்னால் நின்றார். "உள்ள வந்துரு மோகனா, உள்ள வந்துரு" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. அவர் தோளுக்கு மேல் பாதி தெரிந்தது, பாதி தெரியவில்லை. அவர் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. வெளிச்சம் வந்துவிட்டது. கிருபா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அவ்ளோதானாம்மா?" என்றான்.

அவ்வளவுதான் அண்ணி. எனக்கு அழுகை வரவில்லை, தூக்கம்தான் வந்தது. படித்த மனிதன் இப்படிப் பயந்து நடுங்கியதைப் பார்த்தபின் கோபப்படவும் தெம்பில்லை. அவருக்கு அந்தப் பயம் உங்கள் ஒரு வார்த்தையிலிருந்து வந்தது. நான் எதையும் சொல்லவில்லை. உங்கள் இரகசியம் உங்களிடமே இருக்கட்டும்.

29ஆம் தேதி ஸ்கேன். உதடு தெரியுமாம்.

மோகனா

*

கணபதி
13.4.2024

மோகனா,

இதை நிலோஃபரிடம் கொடுக்கவில்லை. நானே தபாலாபீசுக்குப் போய் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புகிறேன். ஸ்கேனுக்குள் வந்து சேர வேண்டும்.

கதவைத் திறந்ததை ஒப்புக்கொண்டபோதுகூட நான் முழுதாகச் சொல்லவில்லை. எனக்கும் சுரேந்தருக்கும் நடுவில் ஒரு தம்பி பிறந்தான். எனக்கு ஒன்பது வயது, ஆடி மாதம். கிருபாவுக்கு இருந்தது போலவே உதடு, உள்ளே அண்ணமும் சேர்ந்து. கிரகணம், கிரிகணம் எதுவும் இல்லை. பால் குடித்தால் மூக்கு வழியாக வந்துவிடும். அம்மா பஞ்சை நனைத்துச் சொட்டுச் சொட்டாக விடுவாள், நான் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பத்தொன்பது நாள் இருந்தான். பெயர் வைக்கவில்லை. அப்பா காட்டு மூலையில் புதைத்துவிட்டு வந்தார்.

எனக்கு இருபத்திரண்டு வயதில் அந்தியூரிலிருந்து ஒரு இடம் வந்து நிச்சயமும் ஆனது. யாரோ போய் இதைச் சொல்லிவிட்டார்கள். "உங்க வமுசத்துல அப்படி இருக்குதாமுங்களே" என்று தட்டைத் திருப்பி அனுப்பினார்கள். அன்றைக்கு அப்பா, நாலு வயது சுரேந்தர் தலையில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கினார். இவன் கல்யாணத்துக்கும் இது வந்து நிற்கும், வாயைத் திறக்காதே என்று.

கிருபா பிறந்தபோது டாக்டரம்மா கேட்டார்கள். நீ கட்டிலில் கிடந்தாய். நான்தான் முந்திக்கொண்டு, "எங்கூட்ல ஆருக்கும் இல்லைங்க" என்றேன். துணியில் சுற்றிக் கொடுத்ததும் முகத்தைப் பார்த்தேன், அதே குழந்தை. அந்த நிமிடமே எனக்குத் தெரியும், இது எங்கள் வீட்டிலிருந்து வந்தது என்று. தெரிந்துதான் உன் மேல் போட்டேன். வாய் தவறி வந்ததாகப் போன கடிதத்தில் எழுதினேன், அதுவும் பொய்.

அவன் சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றான் என்று எழுதினாயே. அதைப் படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. இல்லாத ஒன்றுக்குப் பயப்பட அவனுக்கு நான்தான் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை அவனிடம் கொடு. டாக்டரிடமும் சொல்லச் சொல். மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாயில்லை.

தெய்வாத்தாள்

*

இர்விங்
2.5.2024

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் 26ஆம் தேதி வந்தது. அவரிடம் கொடுத்தேன். சமையலறையில் நின்றபடியே படித்தார். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் அந்தப் படிவத்தைத் திரும்பக் கேட்டு வாங்கி, "இல்லை" என்பதை அடித்துவிட்டு "அண்ணன்" என்று எழுதினார். பெயர் எழுதும் இடத்தில் பேனா அப்படியே நின்றது. "ஒரு பேர் வெச்சிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார். ஸ்கேனில் உதடு முழுதாகத் தெரிகிறது. உள்ளே அண்ணம் எப்படி என்பது பிறந்த பிறகுதான் தெரியுமாம். எப்படியிருந்தாலும் பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர்.

கறுப்புத் திரையை உங்கள் தம்பியே கழற்றிவிட்டார்.

முந்தாநாள் அவர் உங்களை அழைத்தாரல்லவா, வீடியோ இல்லாமல் வெறும் போனில்? நீங்கள் "கண்ணு, ஒண்ணுமே கேக்கலையே, எழுதி அனுப்பு சாமி" என்று திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். அவர் நிறுத்தவில்லை. அரைமணி நேரம் பேசினார், கத்தினார், கடைசியில் அழுதார். "அக்காவுக்குத்தான் கேட்காதே" என்றேன். "தெரியும்" என்றார். அவர் என்ன பேசினார் என்று நான் எழுதமாட்டேன். அதை என்றைக்காவது அவரே எழுதட்டும்.

என் விஷயத்துக்கு வருகிறேன். உண்மை வெளியே வந்தால் எனக்குப் பெரிதாக என்னவோ ஆகும் என்று நாலு வருடம் காத்திருந்தேன். அந்த மூன்று நிமிடம் போலத்தான் அதுவும் இருந்தது. வந்தது, போனது, மறுபடியும் பாத்திரம் கழுவப் போனேன். கோபம் தீர்ந்துவிட்டதா என்றால் தெரியவில்லை. ரொம்பக் களைப்பாக இருக்கிறது அண்ணி. இத்தனை நாள் அதைத் தூக்கிக்கொண்டு திரிந்ததில் உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும்.

பிரசவத்துக்குச் செப்டம்பர் முதல் வாரம் நாள் கொடுத்திருக்கிறார்கள். என் அம்மாவுக்கு முட்டிவலி, வர முடியாது. ஆகஸ்டுக்குள் நீங்கள் பாஸ்போர்ட் எடுத்துவிட்டால் நல்லது. காது மிஷினையும் எடுத்து வாருங்கள், கிருபா நிறையப் பேசுவான். வந்தால் ஒன்று மட்டும். என் அறைக் கதவை நீங்கள் சாத்தவும் வேண்டாம், திறக்கவும் வேண்டாம். அதை நானே பார்த்துக்கொள்கிறேன்.

மோகனப்பிரியா