பாதி அமெரிக்கர்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

உக்ரேன் போரில் இவ்வளவு அக்கறை காட்டும் அமெரிக்கச் சனம் எங்களை ஏன் கவனிக்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். கால் வீக்கம் வற்றிவிட்டதா? நான் சுகம்.

நேற்றுக் கோப்பி நேரத்தில், என்னோடு வேலை செய்யும் உக்ரேன்காரி ஹலினா ஒரு கருத்துக்கணிப்பைக் காட்டி அழுதாள். அமெரிக்கரில் பாதிப் பேர்தான் இப்போது அவர்கள் பக்கமாம். எல்லோரும் சூழ்ந்து நின்று தேற்றினார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது. 2009இல், ஊரில் நடந்த போரை நிறுத்தச் சொல்லி ஊர்வலத்தில் கத்தித் தொண்டை கட்டிப்போய் இதே அலுவலகத்துக்கு வந்தேன். தடிமனா, சளியா என்று கேட்டுத் தொண்டைக்கு மிட்டாய் தந்தார்கள்.

"உனக்குப் பாதிப் பேராவது இருக்கிறார்களே" என்று சொல்லிவிட்டேன். ஹலினா எழும்பிப் போய்விட்டாள். பெரிய விஷயமில்லை, யோசிக்காதேங்கோ.

மிளகாய்த்தூள் அரைக் கிலோ அனுப்பினால் போதும், நான் ஓராள்தானே. ஞாயிறுகளில் எந்த நேரமும் போன் எடுங்கோ, வீட்டில்தான் இருப்பேன். தபாலுக்கு நேரமாகிறது.

மகள்
ஆதிரை

அடுத்த நாள்: நேற்றுத் தபாலைத் தவறவிட்டேன். இன்று ஹலினா வந்து, "உங்கள் யுத்தத்தில் உனக்கு யார் போனது?" என்று கேட்டாள். தம்பி சுகிர்தன் என்றேன். அவளுடைய தம்பி போர்முனையில் இருக்கிறானாம், காலையில் பேசினானாம். அதற்கும் பொறாமைப்பட்டேன், அப்பா.